பிரெஞ்சுக் கிராமப்புறத்தில் ஓட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் ரயிலில் முழங்கால் வரை சேறோடு உட்கார்ந்திருந்தால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். எங்கே போய் வருகிறீர்கள், அங்கே ஓட விடுவார்களா, நாய் துரத்தாதா, தண்ணீருக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். ஓட்டத்தைப் புதிதாகத் தொடங்கிய நண்பர்களும் இதையேதான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

பாரிஸ் பக்கம் இருக்கிறேன். கார் இல்லை. எங்கே தொடங்கலாம்?

ஆர்.இ.ஆர். பி ரயிலில் ஏறுங்கள். லா ஷப்பேல் தமிழ்க் கடைத்தெருவுக்கு வரும் நம்மவர்கள் கார் து நோரில் இறங்குவார்களே, அதே ரயில்தான். தெற்கே கடைசி நிலையம் வரை போனால் சான்-ரெமி-லே-ஷெவ்ரூஸ். நிலையத்தை விட்டு வெளியே வந்து கொஞ்ச தூரம் போனாலே வயலும் காடும் தொடங்கிவிடும். 1985-இல் உருவான ஷெவ்ரூஸ் பள்ளத்தாக்கு வட்டார இயற்கைப் பூங்கா இது.

முதல் தடவைக்கு எளிய வழி ஒன்று சொல்கிறேன். இவெத் ஆற்றை ஒட்டி ஷெவ்ரூஸ் ஊருக்குப் போங்கள். அங்கே வாய்க்காலின் மேல் வீட்டுக்கு வீடு சின்னச் சின்னப் பாலங்கள் இருக்கும். ஒரு காலத்தில் தோல் பதனிடுகிறவர்களும் துணி துவைக்கிறவர்களும் புழங்கிய இடம். பிறகு மேலே ஏறினால் மத்லேன் கோட்டை. ஏற்றம் கொஞ்சம்தான், ஆனால் மூச்சு வாங்கும். தெம்பு இருந்தால் தாம்பியேர் அரண்மனை வரை போய்த் திரும்பலாம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 15 கி.மீ. ஆகும்.

இன்னொன்று ஃபோந்தேன்ப்ளோ காடு. கார் து லியோனில் ரயில் ஏறி புவா-லெ-ருவாவில் இறங்கினால் நடந்தே காட்டுக்குள் போய்விடலாம். வெள்ளை மணலும் யானை யானையாகப் பாறைகளும் கிடக்கும் காடு இது. மணலில் வேகம் எடுக்காது, கடிகாரத்தைப் பார்த்து வருந்த வேண்டாம். குளோத்-ஃபிரான்சுவா தெனெக்கூர் என்பவர் 1840-களிலேயே இந்தக் காட்டில் நடைபாதை வெட்டி, பாறையிலும் மரத்திலும் நீலக் கோடு போட்டு வழி காட்டினார். பொழுதுபோக்காக நடக்க வருகிறவர்களுக்குப் பாதையில் வண்ணம் பூசி வைப்பதற்கு அவர்தான் முன்னோடி. அந்த நீலக் கோடுகளை இன்றைக்கும் பார்க்கலாம்.

மரத்திலும் மின்கம்பத்திலும் வெள்ளை, சிவப்புக் கோடுகள் இருக்கின்றனவே, அவை என்ன?

அவைதான் உங்கள் வழிகாட்டி. மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று இரண்டு பட்டைகள் இருந்தால் அது ஜி.ஆர். என்னும் நெடுந்தூரப் பாதை. முதல் ஜி.ஆர். பாதை லுவார் ஆற்றை ஒட்டிய ஜி.ஆர். 3. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1947-இல் அதன் முதல் பகுதி திறக்கப்பட்டது. மஞ்சளும் சிவப்பும் இருந்தால் ஒரு வட்டாரத்தைச் சுற்றிவரும் பாதை. மஞ்சள் பட்டை மட்டும் இருந்தால் பி.ஆர்., அதாவது சில மணி நேரத்தில் நடந்து முடிக்கிற உள்ளூர்ச் சுற்று. ஓடுகிறவர்களுக்கு மிகவும் ஏற்றது இந்த மஞ்சள்தான். பெரும்பாலும் கிராமச் சதுக்கத்தில் தொடங்கி அங்கேயே முடியும், நீளமும் நம் காலுக்கு அடங்கும்.

குறிகளைப் படிக்க ஒரு நாள் போதும். பட்டைகள் கிடையாக இருந்தால் நேரே போ. கீழே வளைந்த அம்பு இருந்தால் அந்தப் பக்கம் திரும்பு. இரண்டு நிறமும் பெருக்கல் குறி போல வெட்டிக்கொண்டால் தப்பான வழி. ஓடும்போது பலர் கோட்டைவிடுவது அந்தப் பெருக்கல் குறியைத்தான். நடக்கிறவர் கண்ணில் படுவது ஓடுகிறவர் கண்ணில் படாது, அதுவும் இறக்கத்தில். நான் கடைப்பிடிக்கும் வழக்கம் இது: ஐந்து நிமிடம் ஓடியும் ஒரு கோடுகூடத் தென்படவில்லை என்றால், கடைசியாகக் கோட்டைப் பார்த்த இடத்துக்கே திரும்பிவிடுவேன். "இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்" என்று போன ஒவ்வொரு தடவையும் இரண்டு கி.மீ. கூடியிருக்கிறது.

வோஷ் மலைப்பக்கம் போனால் இந்த விதி மாறும். அங்கே 1872-இல் தொடங்கிய க்ளப் வோஷியன் தனக்கென்று சாய்சதுரம், முக்கோணம், வட்டம் என வேறு குறிகளை வைத்திருக்கிறது. கிளம்பும் முன் எந்த வடிவம், எந்த நிறம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோடுகளைப் போடுகிறவர்கள் நடைக் கூட்டமைப்பின் தன்னார்வலர்கள். ஒரு தடவை புர்கோஞ் பக்கம் ஓடியபோது ஒருவரைப் பார்த்தேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இடுப்பில் இரண்டு சின்ன வண்ண டப்பா, கையில் தூரிகை, கம்பித் தூரிகை, கத்தரிக்கோல். முதலில் பாசியைச் சுரண்டினார். பிறகு தகட்டில் வெட்டிய அச்சை மரத்தில் வைத்து வெள்ளையைப் பூசினார். காயும் வரை பக்கத்துக் கிளைகளை வெட்டிக்கொண்டே இருந்தார், கோட்டை மறைத்துவிடக் கூடாது என்று. கடைசியில் பத்தடி பின்னால் வந்து நின்று, வருகிறவன் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் அடுத்த மரத்துக்குப் போனார். அன்றிலிருந்து ஒவ்வொரு கோட்டையும் யாரோ ஒருவர் எனக்காக நின்று பார்த்த இடமாகத்தான் நினைக்கிறேன். பாதையில் மரம் விழுந்து கிடந்தாலோ குறி அழிந்திருந்தாலோ 'சுரிகாத்' என்ற செயலியில் தெரிவிக்கலாம். இரண்டு நிமிட வேலை, தயவுசெய்து செய்யுங்கள்.

வரைபடம் எது நல்லது?

பிரான்சின் அரசு நிலவரைபட நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் 1:25,000 வரைபடம். நாலு செ.மீ. என்றால் ஒரு கி.மீ. சம உயரக் கோடுகள், ஒற்றையடிப் பாதை, ஊற்று, வழியோரச் சிலுவை எல்லாமே அதில் இருக்கும். 'கார்ட் ஐ.ஜி.என்.' செயலியில் இலவசமாகப் பார்க்கலாம். பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும், அதனால் முன்கூட்டியே திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வயல் நடுவே பாதை போகிறது. அது யாருடைய நிலம்? ஓடினால் சண்டைக்கு வருவார்களா?

பெரும்பாலும் வரமாட்டார்கள். ஆனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் கிராமத்தில் எல்லா மண் பாதையும் ஒன்று போலத்தான் இருக்கும், உரிமை வேறு வேறு.

'ஷ்மேன் ரூரால்' என்பது கிராமத்துக்குச் சொந்தமான பாதை, எல்லோரும் போகலாம். பக்கத்து நிலக்காரர் அதை வேலி போட்டு அடைக்க முடியாது. 'ஷ்மேன் தெக்ஸ்ப்ளுவத்தாசியோன்' என்பது வயல்களுக்குப் போய்வர நிலக்காரர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் தனியார் பாதை. அதில் வெளியாள் வரக்கூடாது என்று அவர்கள் தடுக்கலாம். சந்தேகம் வந்தால் நில அளவை வரைபடத்தை இணையத்தில் திறந்து பாருங்கள். பொதுப் பாதைக்கு மனை எண் இருக்காது, இரண்டு கோடுகளுக்கு நடுவே வெறும் வெள்ளையாக ஓடும்.

'ப்ரோப்ரியெத்தே ப்ரிவே' (தனியார் சொத்து) என்ற பலகையைத் தாண்டாதீர்கள். 2023 பிப்ரவரியில் வந்த சட்டப்படி, தனியார் என்று தெளிவாக அடையாளம் வைத்த காட்டிலோ நிலத்திலோ நுழைந்தால் அபராதம் உண்டு.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. கிராமப் பாதை சட்டத்தின் கண்ணில் எப்படி உயிரோடு இருக்கிறது தெரியுமா? மக்கள் அதைப் போக்குவரத்துக்குப் பயன்படுத்துவதே அது பொதுப் பாதை என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. யாரும் போகாமல் விட்டால், பொதுப் பயன்பாடு நின்றுவிட்டது என்று சொல்லி, விசாரணை நடத்தி, ஊர் மன்றம் அதை விற்கவும் முடியும். போருக்குப் பிறகு சிதறிக் கிடந்த சின்ன வயல்களை ஒன்றாகச் சேர்த்த நில ஒருங்கிணைப்பில் வேலியும் பாதையும் ஏற்கெனவே ஏராளமாக அழிந்துவிட்டன. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவது கால்தடங்கள்தான்.

எனக்கே நடந்தது. நான் வழக்கமாக ஓடும் ஒரு பாதை ஓர் இலையுதிர் காலத்தில் காணாமல் போயிற்று. இரண்டு வயலுக்கு நடுவே இருந்த புல் வரப்பு முழுக்க உழுதிருந்தது, கோதுமையும் முளைத்துவிட்டது. ஊர் மன்ற அலுவலகத்துக்குப் போய், வரைபடத்தைக் காட்டி, "இதில் நான் மாதம் இரண்டு தடவை ஓடுவேன்" என்றேன். செயலாளர் அம்மா ஒரு தாளில் தேதியோடு எழுதிக்கொண்டார். நாய் கூட்டிக்கொண்டு நடக்கும் இன்னும் இரண்டு பேரும் சொல்லியிருந்தார்களாம். அடுத்த வசந்தத்தில் வரப்பு திரும்ப வந்துவிட்டது, ஓரத்தில் இரண்டு முளைக்குச்சியோடு.

தார்ச்சாலையில் ஓடலாமா?

முடிந்தவரை வேண்டாம். 'டி' எண் போட்ட சாலைகளில் 80 கி.மீ. வேகம் அனுமதி, சில மாவட்டங்களில் 90. ஓரத்தில் நடக்க இடம் இருக்காது. போயே ஆக வேண்டும் என்றால் இடப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி போங்கள். ஊருக்கு வெளியே நடக்கிறவர்களுக்குச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. குருட்டு வளைவில் மட்டும் நன்றாகத் தெரிகிற பக்கத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஏற்ற இறக்கம் வேண்டாம், நீளமாக ஓட வேண்டும். எங்கே போகலாம்?

கால்வாய்க் கரைக்குப் போங்கள். முன்பு குதிரையும் ஆளும் கரையில் நடந்து படகை இழுத்த பாதை, 'ஷ்மேன் து அலாஜ்' என்பார்கள். புர்கோஞ் கால்வாய் 242 கி.மீ., நான்த்-ப்ரெஸ்த் கால்வாய் 364 கி.மீ. மிடி கால்வாய் துலூஸில் தொடங்கி தோ ஏரி வரை 240 கி.மீ. 1666-இல் பியேர்-போல் ரிக்கே வேலையைத் தொடங்கினார். 1681-இல் கால்வாய் திறக்கப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னால் இறந்துபோனார்.

மிடி கால்வாயில் துலூஸ் பக்கம் தார் போட்ட நல்ல பாதை. கிழக்கே போகப் போக மண்ணும் வேரும்தான், காலைப் பார்த்து வையுங்கள். படகை ஏற்றி இறக்கும் மதகு ஒவ்வொன்றிலும் காவலர் வீடு இருக்கும். அதன் சுவரில் ஒரு பலகை, முந்தைய மதகு எத்தனை மீட்டர், அடுத்தது எத்தனை மீட்டர் என்று. ஓடுகிறவனுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. ஆனால் கரையின் நிழலுக்குப் பெயர்போன பிளேன் மரங்கள் நோயில் சாகின்றன. 2006-இல் கண்டறியப்பட்ட பூஞ்சை, வேரில் இருந்து வேருக்குத் தாவுகிறது. ஆயிரக்கணக்கில் வெட்டி, வேறு மரங்களை நட்டுவருகிறார்கள். அதனால் பழைய புகைப்படத்தை நம்பித் தொப்பி இல்லாமல் போகாதீர்கள்.

இரண்டாவது வகை 'வுவா வேர்த்', கைவிட்ட ரயில் தடத்தைப் பாதையாக்கியது. ரயில் ஏறிய சரிவு என்பதால் முழங்கால் வலிக்காது. நாட்டின் முதல் வுவா வேர்த் 1997-இல் ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் நடுவே திறந்தார்கள், சுமார் 44 கி.மீ. பழைய நிலையக் கட்டடங்கள் இன்றும் வழியில் நிற்கின்றன. க்ளூனியைத் தாண்டி மாக்கோன் பக்கம் போனால் புவா-க்ளேர் சுரங்கம், 1,600 மீட்டர். ஆகஸ்ட் வெயிலில் அதற்குள் நுழைந்தால் உடம்பெல்லாம் சிலிர்க்கும். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், வௌவால்கள் உள்ளே உறங்குகின்றன.

திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடலாமா?

தாராளமாக. எனக்குப் பிடித்தது புர்கோஞ்சில் போன் (Beaune) என்னும் ஊரில் இருந்து தெற்கே போகிற வழி. பொமார், வொல்னே, மெர்சோ, புலினி-மோன்ராஷே, கடைசியில் சாந்தனே. சைக்கிளுக்காகப் போட்ட பாதை, 20 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். பாதி தூரத்தில் மெர்சோவிலும் நிறுத்தலாம். திரும்ப ரயில் இருக்கிறது, ஞாயிறு நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சின்னத் துண்டு நிலத்துக்கும் தனிப் பெயர், சிலவற்றுக்குக் கல் மதிலும் உண்டு. இந்தத் துண்டுகளைத்தான் 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இரண்டு விஷயம். கொடி வரிசைகளுக்கு நடுவே இறங்காதீர்கள், அது தனியார் நிலம். அப்புறம், மே முதல் ஜூலை வரை உயரமான கால்களோடு ஒரு டிராக்டர் கொடிகளின் மேலேயே நின்று மருந்து தெளித்துக்கொண்டு வரும். பார்த்தால் நின்று, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கவனித்து, வேறு பாதையில் திரும்பிவிடுங்கள்.

வேட்டைக் காலத்தில் ஓடலாமா?

ஓடலாம், கவனத்தோடு. செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரி கடைசி வரை பொதுவான வேட்டைக் காலம். காட்டுப்பன்றிக்கு அதற்கு வெளியேயும் அனுமதி உண்டு. கிழமைகள் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். ஊர் மன்ற அலுவலகத்தில் கேளுங்கள். அரசுக் காடுகளில் நுழைவாயிலிலேயே தேதிப் பட்டியல் ஒட்டியிருப்பார்கள்.

பாதையோரம் 'ஷாஸ் ஆன் கூர்' என்ற பலகை வைத்திருந்தால் அங்கே பன்றியையோ மானையோ பல பேர் சேர்ந்து வளைத்து வேட்டையாடுகிறார்கள் என்று அர்த்தம். அந்தக் காட்டுக்குள் போக வேண்டாம். ஆரஞ்சு மேல்சட்டை போட்டவர் ஓரத்தில் நின்றால் ஓட்டத்தை நிறுத்தி, தூரத்திலேயே "போன்ஷூர்" சொல்லி, எந்தப் பக்கம் போகலாம் என்று கேளுங்கள். நான் கேட்டபோதெல்லாம் நல்லபடியாகவே சொன்னார்கள். ஒருவர் ரேடியோவில் மற்றவர்களுக்கு "ஓடுகிறவர் ஒருவர் வருகிறார்" என்று சொல்லி, நான் கடக்கும் வரை காத்திருந்தார்.

அந்த ஆறு மாதமும் ஒளிரும் ஆரஞ்சோ மஞ்சளோ போடுங்கள். பழுப்பும் கறுப்பும் பெட்டியிலேயே இருக்கட்டும். இரண்டு காதிலும் பாட்டு வேண்டவே வேண்டாம்.

நாய்? மாடு?

பண்ணை நாய் பெரும்பாலும் தன் வாசல் வரைதான் குரைக்கும். நின்று, நடந்து கடந்துவிடுங்கள்.

மலைப்பக்கம் 'பத்தூ' வேறு ரகம். ஆட்டு மந்தையோடு வளரும் பெரிய வெள்ளை நாய். 1992-இல் இத்தாலிப் பக்கமிருந்து ஓநாய்கள் ஆல்ப்ஸுக்குத் திரும்பி வந்தன, அதன் பிறகு மந்தைகளுக்கு இந்தக் காவல் அதிகம் தேவைப்பட்டது. மந்தையைப் பார்த்ததும் ஓட்டத்தை நிறுத்துங்கள். நாய் வந்து மோந்து பார்க்கும். குச்சியை ஓங்காமல், கண்ணை நேருக்கு நேர் பார்க்காமல், மெதுவாகப் பேசிக்கொண்டு நில்லுங்கள். நீங்கள் ஆபத்தில்லை என்று அதற்குப் பட்டதும் திரும்பிவிடும். பிறகு மந்தையை நன்றாகச் சுற்றிப் போங்கள்.

கன்றோடு இருக்கும் பசுக் கூட்டத்துக்கும் அகலமாக இடம் விடுங்கள். நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள்.

தண்ணீர், சாப்பாடு?

கல்லறைத் தோட்டம். கேட்கிறவர்கள் ஒரு நிமிடம் தயங்குவார்கள், ஆனால் இங்கே ஓடுகிற, நடக்கிற, சைக்கிள் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. எவ்வளவு சின்னக் கிராமமானாலும் ஊரோரம் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கும், அதன் வாசலருகே பூச்செடிகளுக்காக ஒரு குழாய் இருக்கும். 'ஓ நோன் போத்தாபிள்' என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள், முகம் கழுவலாம். குளிர்காலத்தில் உறையாமல் இருக்க அடைத்துவிடுவார்கள்.

ஒரு ஜூலை மாதம் போத்தல் காலியாகி, நாக்கு ஒட்டிக்கொள்ள, அப்படி ஒரு குழாய் முன் நின்றேன். பலகை எதுவும் இல்லை, குடிக்கலாமா என்று தெரியவில்லை. பச்சை நீர்த்தெளிப்பானோடு ஒரு பாட்டி வந்தார். "என் சமையலறைக் குழாயில் வருவதும் இதுதான் மகனே, குடி" என்றார். நான் குடித்து முடிக்கும் வரை தன் தெளிப்பானை நிரப்பாமல் நின்றார். பிறகு நான் அதை நிரப்பி அவர் கணவரின் கல்லறை வரை தூக்கிப்போய்க் கொடுத்தேன். உள்ளே போனால் நடந்து போங்கள், ஓடாதீர்கள். சட்டையைக் கழற்றியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள். மதியம் 12 முதல் 2 வரை கடை மூடும், திங்கட்கிழமை பல பேக்கரிகள் திறக்காது. சில கிராமங்களில் பேக்கரி மூடிப்போய், ரொட்டி தரும் தானியங்கி இயந்திரம் மட்டும் நிற்கும். ஒரு பையில் பேரீச்சம்பழமோ கடலை மிட்டாயோ இருக்கட்டும், பத்து யூரோ தாளும்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல், மே. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த கொல்சா பூத்து, வயல் முழுக்க மஞ்சளாக இருக்கும். ஜூனில் பாரிசில் இரவு பத்து மணி வரை வெளிச்சம், வேலை முடிந்தும் ஓடலாம். டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டு. குளிர்காலத்தில் களிமண் பாதையில் ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ ஒட்டும், அந்த மாதங்களில் சுண்ணாம்புக்கல் மேடுகளையோ மணற்காட்டையோ தேர்ந்தெடுங்கள். ஆகஸ்டில் மக்காச்சோளம் ஆளுயரம் நின்று வழியை மறைக்கும். தெற்கே, மார்செய் பக்கம், ஜூன் முதல் செப்டம்பர் வரை காட்டுத்தீ அபாயம் பார்த்துக் காட்டுப் பகுதிகளை மூடுவார்கள். நாளைக்குத் திறக்குமா என்பது முந்தின நாள் மாலை தெரிந்துவிடும்.

பூச்சி, முள்?

ஜூன் பிறந்தால் ஒற்றையடிப் பாதையில் செந்தட்டி இடுப்பளவு நிற்கும். பட்டால் எரியும், ஆபத்தில்லை. கவனிக்க வேண்டியது உண்ணி. வீடு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். மருந்துக்கடையில் உண்ணி எடுக்கும் சின்னக் கொக்கி விற்கிறார்கள், வாங்கி வையுங்கள். கடித்த இடத்தைச் சுற்றிச் சில நாளில் அல்லது சில வாரத்தில் சிவப்பு வட்டம் பரவினால் உடனே மருத்துவரிடம் போங்கள், லைம் நோயின் முதல் அடையாளம் அது.

பந்தயம் ஓட ஆசை. எது?

மெதோக் மாரத்தான் பெயர் பெற்றது, 1985-இல் இருந்து செப்டம்பரில் வேடம் போட்டுக்கொண்டு திராட்சை மாளிகைகளுக்கு நடுவே ஓடுகிறார்கள். மலை வேண்டும் என்றால் லொசேரில் ஜூலை மாதம் மார்வெஜோல்-மாந்த், 1973-இல் தொடங்கியது. கரடுமுரடு வேண்டும் என்றால் மியோவில் அக்டோபரில் தாம்ப்ளியே. எனக்கு என்னவோ கிராமத் திருவிழா நாளில் நடக்கும் 10 கி.மீ. ஓட்டம்தான் இஷ்டம். பரிசாக ஒரு ஜாடி தேன் கொடுப்பார்கள், ஊரே நின்று கைதட்டும். விளையாட்டுக் கூட்டமைப்பின் உரிமம் இல்லாத பெரியவர்கள் பதிவு செய்யும்போது முன்பு மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள். இப்போது 'பி.பி.எஸ்.' என்ற இணைய வழிச் சுகாதாரப் பயிற்சியை முடித்து அந்த எண்ணைக் கொடுக்க வேண்டும்.

தனியாகப் போகிறேன். அடிபட்டாலோ வழி தவறினாலோ?

எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவசரத்துக்கு 112. பேச முடியாத நிலையில் 114-க்குக் குறுஞ்செய்தி. காலை மடக்கிக்கொண்டால் காத்திருப்பதற்கு ஒரு மெல்லிய மேல்சட்டை வேண்டும், வியர்த்த உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

வழி தவறினால் மேட்டுக்கு ஏறித் தேவாலயக் கோபுரத்தைத் தேடுங்கள். பனிமூட்டத்தில் கோபுரம் தெரியாவிட்டால் நின்று காதைக் கொடுங்கள். பல கிராமங்களில் மணி இரண்டு தடவை அடிக்கும். முதல் தடவை அடிக்கும்போது நிமிர்ந்து பார்ப்பீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் கழித்து அதே மணி மறுபடி அடிக்கும்போது எந்தத் திசை என்று பிடிபட்டுவிடும்.